மனைவாயிலும் அடுக்களையும்: தமிழர் இல்வாழ்வில் நாயும் பூனையும்

இல்வாழ்க்கையை ஆராய்வோர் பெரும்பாலும் கணவன், மனைவி, மக்கள், சுற்றம், விருந்து என்னும் மாந்தரையே நோக்குவர். அவர்களோடு ஒரு கூரையின்கீழ் உண்டும் உறங்கியும் வாழும் உயிர்களை நோக்குவார் சிலரே. ஆவும் எருதும் உழவின் பொருட்டு ஆராயப்பட்டன. கிளியும் மயிலும் பாட்டின் பொருட்டு ஆராயப்பட்டன. நாயும் பூனையுமோ பழமொழித் தொகுப்புகளின் அளவிலே நின்றுவிட்டன. ஆயினும், ஒரு மனையின் கதவு எப்பொழுது சாத்தப்படும், பால் எங்கே வைக்கப்படும், இரவில் இறுதியாக உண்பவர் யார், குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே வெளியூர் செல்ல இயலுமா என்பன போன்ற அன்றாடச் செய்திகளை உறுதிசெய்வதில் இவ்விரு விலங்குகளுக்கும் உள்ள பங்கு சிறிதன்று. நாய்க்கு வாயிலும் பூனைக்கு அடுக்களையும் இடமாக அமைந்தமையும், அவ்விடங்கள் மாறுந்தோறும் மனைக்குரியாரின் கடமைகளும் மாறி வந்தமையும் ஈண்டு விளக்கப்படும்.

பெயரும் மரபும்

முதற்கண் சொற்களை நோக்குவோம். தொல்காப்பிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுத்து, இன்ன உயிர்க்கு இன்ன பெயர் என வரையறுத்துச் செல்கின்றது. நாயின் இளமைக்குக் குருளை என்பது பெயர். குட்டி, பறழ் என்பனவும் விலக்கப்படவில்லை. நாயின் பெண்ணுக்குப் பிணவு, பிணவல், பாட்டி என்னும் பெயர்கள் கூறப்படுகின்றன. இன்று தந்தையைப் பெற்றாளையும் தாயைப் பெற்றாளையும் குறிக்கும் பாட்டி என்னும் சொல், அந்நூலில் பன்றிக்கும் நாய்க்கும் உரியதாக நிற்றல் மாணாக்கர்க்கு எப்பொழுதும் நகை விளைப்பதாகும். வெருகுக்குக் குட்டி என்பது இளமைப் பெயர். வெருகினைப் பூசை என வழங்குதலும் உண்டு என்று அந்நூலே குறிக்கின்றது. அப்பூசை என்னும் சொல் மலையாளத்தில் பூச்ச என இன்றும் வழங்குகின்றது. தமிழில் அது வழக்கு ஒழிந்து, பூனை என்பதே எஞ்சிற்று. பூனையை அழைக்கும் தாய்மார் வாயில் எழும் ‘பூஸ், பூஸ்’ என்னும் ஒலியில் அப்பழஞ்சொல்லின் எச்சம் கிடக்கின்றதோ என்று யாம் ஐயுறுவதுண்டு. இதனை முடிந்த முடிபாகக் கூறோம்.

மரபியலார் பிள்ளை என்னும் பெயரைப் பறப்பவற்றுக்கும் தவழ்பவற்றுக்கும் உரியதாக வைத்தார். ஆயினும் சான்றோர் செய்யுளில் ‘பிள்ளை வெருகு’ என்னும் ஆட்சி உளது. வழக்கு, இலக்கணத்தின் வேலியைத் தாண்டிச் செல்லும் இயல்பினது என்பதற்கு இஃது ஒரு சான்று. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என இச்சொல் பின்னும் பரவியது. இன்று நாய் வளர்ப்பார் பலர், அதனை நாய் என்று பிறர் கூறினும் முகம் வாடி, ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்கின்றனர். அதனைப் புதுமைப் பித்து என்று எள்ளுவாரும் உளர். எள்ளுவதற்கு முன்னர் இச்சொல்லின் வரலாற்றை அவர்கள் நோக்குவது நன்று.

வேலிப்புறத்து வெருகு

சங்கச் செய்யுட்களில் பூனையினம் பெரிதும் வேலிப்புறத்ததாகவே காணப்படுகின்றது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139ஆம் செய்யுளில், மாலைக்காலத்தில் வேலியருகே வெருகுகள் வரக்கண்ட மனையுறை கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைத்து நிற்கும் காட்சி உவமையாக வருகின்றது. புறநானூறு 326ஆம் செய்யுளைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். அதில், இருளில் வெருகுக்கு அஞ்சிய இளம்பெடை தொண்டை நோவக் கூவுகின்றது. பருத்தி நூற்கும் பெண் எழுந்து சிறு விளக்கின் ஒளியைக் காட்டுகின்றாள். அவ்வொளியில் தன் சேவலைக் கண்டு பெடை அச்சம் தணிகின்றது. இரவில் ஒரு விலங்கின் வரவு, மனையாளைப் பணியினின்று எழுப்பி விளக்கேந்தச் செய்கின்றது. ஓர் ஏழை இல்லத்தின் இரவு எங்ஙனம் கழிந்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

குறுந்தொகை 107ஆம் செய்யுள் இன்னும் நுட்பமானது. தலைவனோடு துயின்ற தலைவியை விடியலில் எழுப்பிவிட்ட சேவலை அவள் வைகின்றாள். நள்ளிரவில் வீட்டெலியைத் தேடி உலவும் வெருகுக்கு நீ இரையாகுக என்பது அவ்வசவு. வெருகு ஈண்டுக் கோழிக்குப் பகையாக மட்டும் இல்லை. வீட்டெலிக்கும் பகையாக மனைக்குள்ளே நுழைந்துவிட்டது. கூலம் சேர்த்த இடத்தே எலி சேர்ந்தது. எலி சேர்ந்த இடத்தே பூனை வந்தது. வீட்டுப்பூனை மாந்தரோடு சேர்ந்த வகை இதுவே என்று இற்றைநாள் அறிவியலார் கூறுவர். சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முன் மாந்தன் ஒருவனுக்கு அருகே பூனையொன்று புதைக்கப்பட்டிருந்த செய்தி 2004இல் வெளியாயிற்று. உலகெங்கும் உள்ள வீட்டுப்பூனைகள் மேலையாசிய நாட்டுக் காட்டினம் ஒன்றின் வழியினவே என்பதை 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு நிறுவியது. ஆகவே, நம் செய்யுட்களின் வெருகு இந்நாட்டுக் காட்டுப்பூனை எனவும், இன்று நம் அடுக்களையில் உறங்குவது கடந்துவந்த வேற்றினம் எனவும் கொள்ளுதலே பொருந்தும். இனம் வேறாயினும், வீட்டெலியின் பொருட்டு மனைபுகுந்த நெறி ஒன்றே. மாந்தன் பூனையைப் பிடித்துவந்து பழக்கினான் என்பதினும், பூனை தானே வந்தது, மாந்தன் விரட்டாதிருந்தான் என்பதே உண்மைக்கு அணித்தாகும். பூனை வளர்ப்பார்க்கு இக்கூற்றில் வியப்பொன்றும் இராது.

தொண்டை நாட்டின் இரு மனைகள்

நாயின் நிலை வேறு. அது வேட்டையிலும் காவலிலும் மாந்தனுக்குத் துணையாக வந்தது. பரணர் பாடிய அகநானூறு 122ஆம் செய்யுளில், இரவில் தலைவனைக் காண விழையும் தலைவி தனக்கு நேரும் தடைகளை அடுக்குகின்றாள். ஊர் உறங்கினால் அன்னை உறங்காள்; அன்னை உறங்கினால் காவலர் உறங்கார்; காவலர் உறங்கினால், வலமாகச் சுருண்ட வாலையுடைய நாய் குரைக்கும். ஒரு பெண்ணின் களவொழுக்கத்திற்கு நாயும் ஒரு தடையாதலை நோக்குக. மனைக்குக் காவலாக நிற்பது, மனையிலுள்ளார்க்கும் காவலாகி விடுகின்றது.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. அதில் வரும் எயினர் மனைகளில் நாய்கள் சங்கிலியாற் கட்டப்பட்டுள்ளன. பிறர் அணுகுதற்கரிய காவல் அவை. அம்மனைகளிற் சென்ற பாணர்க்குச் சிவந்த நெற்சோற்றோடு உடும்பின் பொரியலும் கிடைக்கும் என்கின்றார் புலவர்; அவ்வுடும்பைப் பிடித்துத் தந்தது நாய். ஆகவே எயினர் மனையில் நாய் காவலன் மட்டும் அன்று. விருந்தோம்பலுக்குப் பொருள் ஈட்டித் தரும் உறுப்பினனும் ஆகும். அதே பாட்டில், சிறிது தொலைவு சென்றபின், மறையவர் மனை வருகின்றது. அங்கே கோழியும் நாயும் அணுகுதல் இல்லை; கிளியே மறையோசை பயில்கின்றது.

ஒரே நாட்டில், ஒரே பாணன் நடந்துசெல்லும் வழியில், நாயைக் கட்டி வைத்த மனை ஒன்று. நாய் நெருங்காத மனை மற்றொன்று. ஒரு மனையின் தூய்மையை, நாய் எவ்வளவு தொலைவில் நிற்கின்றது என்பதைக் கொண்டு அளக்கும் வழக்கம் அக்காலத்தே வேரூன்றியிருந்தது. பிற்காலத்தே அவ்வளவுகோல் மாந்தர் மீதும் வைக்கப்பட்டது. நாய் என்பது வசைமொழியாயிற்று. திருவாசக ஆசிரியர் இறைவன் முன் தம்மை நாயெனத் தாழ்த்திக் கொண்டமையும் அப்பொருள் பற்றியே. காவல் காப்பதன் பெயரே வசையாக நிற்றல் முறையன்று. நாலடியார் 213ஆம் செய்யுள் இதற்கு ஒரு மாற்றாக உளது. யானை தன் பாகனையே கொல்லும். நாயோ, தலைவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் வாலைக் குழைக்கும். ஆதலின் யானையன்னாரின் நட்பை நீக்கி நாயன்னாரின் நட்பைக் கொள்க என்பது அதன் கருத்து.

திருவண்ணாமலைப் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல் இவ்வகையில் நினைக்கத்தக்கது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைக்காக நடந்த பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் அக்கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் கல்லெழுத்தால் அறியப்படும். மன்னர் பெயரும் மறவன் பெயரும் பொறிக்கும் கல்லில் நாயின் பெயரையும் பொறிக்கச் செய்தவர்க்கு அந்நாய் ஒரு பொருளன்று, ஓர் ஆள். பெயரிடுதல் என்பது கடமையை ஏற்றலாகும். பெயரில்லா நாய்க்கு யாரும் கடன்பட்டிலர்.

உறியும் அடுப்பும்

பூனைக்கு நடுகல் இல்லை. அதன் வரலாறு வீட்டுப் பொருள்களில் எழுதப்பட்டுள்ளது. மோரும் நெய்யும் வைத்த கலங்களைக் கூரையினின்று கயிற்றில் தொங்கவிடும் உறி, எறும்புக்கும் எலிக்கும் பூனைக்கும் அஞ்சி அமைத்ததாகும். பால்கலத்தின்மேல் வைக்கும் கனத்த மூடியும், மூடியின்மேல் வைக்கும் அம்மிக்குழவியும், இரவில் அடுக்களைக் கதவைத் தாழிடும் பழக்கமும் அவ்வச்சத்தின் விளைவுகளே. எலிக்காகப் பூனையையும் பூனைக்காக உறியையும் வைத்த மனையாள், இரண்டுக்கும் நடுவே தன் சிக்கனத்தை நடத்தினாள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிய கம்பர், அவ்வுவமையை ஏதோ ஓர் அடுக்களையிலிருந்தே பெற்றிருத்தல் வேண்டும்.

‘அடுப்பில் பூனை உறங்குகின்றது’ என்பது வறுமையைக் குறிக்கும் பழமொழி. சோறு சமைக்காத வீட்டில் அடுப்புச் சாம்பல் குளிர்ந்து, பூனைக்குப் படுக்கையாகின்றது. பசியென்ற சொல்லை வாயால் கூறாமலே ஒரு குடும்பத்தின் நிலையைக் கூற வல்ல தொடர் இது. ‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்’ என்று தொடங்கும் பழமொழியும் இடம் பற்றியதே. நாய்க்கு நடுவீடு இடமன்று, வீதியும் வாயிலுமே இடம் என்பது அதன் உட்கிடை. பூனைக்கு இவ்வகைப் பழமொழி எழவில்லை; அது நடுவீட்டில் இருப்பதை எவரும் வியந்திலர்.

குட்டி ஈன்ற பூனை, குட்டிகளைக் கழுத்தில் கவ்வி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வதைக் காணாத வீடு இல்லை. நெற்குதிரின் பின்புறம், பரண், துணிமூட்டை என அது இடம் மாற்றுந்தோறும் வீட்டுச் சிறுவர் அதன் பின்னே செல்வர். எம் இளமையில் அங்ஙனம் சென்று, பரணிலிருந்து விழுந்து கை முறித்துக் கொண்டமை உண்டு. இக்காட்சி சமய நூலுள்ளும் புகுந்தது. இராமானுசர் வழிவந்த வைணவருள், இறைவன் அருளைப் பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதற்கு ஒப்பிடுவோர் தென்கலையார். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதற்கு ஒப்பிடுவோர் வடகலையார். முற்றத்தில் நாள்தோறும் நிகழும் ஒன்று, இரு பெரும் கொள்கைப் பிரிவுகட்கு அடையாளமாயிற்று. இராமானுசர் 1017இல் தோன்றிய ஊர் எனப் போற்றப்படும் திருப்பெரும்பூதூர், இக்கட்டுரையின் எஞ்சிய பகுதிக்குக் களமாகும் மண்ணூருக்கு அணித்தே உள்ளது.

மண்ணூரில் இன்று

மண்ணூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏரிப்பாசனத்தால் நெல் விளைத்தவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய பின்னரும், ஒரகடத்தில் 2010இல் பெரிய கார்த் தொழிற்சாலை எழுந்த பின்னரும் அப்பகுதியின் முகம் மாறிற்று. களமும் வைக்கோற்போரும் குறைந்தன. வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகள் பெருகின. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்த இளைஞர் அவற்றில் வாழ்கின்றனர்.

இம்மாற்றத்தை நாயும் பூனையும் வைத்து நோக்குதல் பயனுடையது. பழைய வீட்டுக்குத் திண்ணையும் முற்றமும் கொல்லையும் உண்டு. நாய் திண்ணைக்குக் கீழே படுத்தது. வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே அதற்கு ஓர் இடம் இருந்தது. எஞ்சிய சோற்றை இரவில் வைப்பது வீட்டுப் பெண்களின் இறுதிப் பணி. நாய் ஒரு வீட்டுக்குரியதாகவும் தெருவுக்குரியதாகவும் ஒருங்கே வாழ்ந்தது. வாடகை அறைக்கோ திண்ணை இல்லை. கதவைத் திறந்தால் நடைவழி. நாய் உள்ளே இருத்தல் வேண்டும், இன்றேல் முற்றிலும் வெளியே இருத்தல் வேண்டும். இடைப்பட்ட இடம் ஒழிந்தமையின் இடைப்பட்ட உறவும் ஒழிந்தது. நெற்குதிர் ஒழிந்தபின் பூனைக்குத் தொழிலும் இல்லை. குளிர்ப்பெட்டி வந்தபின் உறியும் இல்லை, எஞ்சிய சோறும் நாய்க்கு அன்றே சென்று சேர்வதில்லை.

தொழில் ஒழிந்தபின்னும் அன்பு ஒழியவில்லை என்பதே நோக்கற்குரியது. காவலும் வேட்டையும் எலிப்பகையும் இன்றி, வெறுந்துணையாக இவ்விலங்குகளை வைத்துக்கொள்ளும் நிலை செல்வர்க்கு மட்டும் உரியதாக முன்பு கருதப்பட்டது. இன்று மூன்று ஷிப்டு முறையில் உழைக்கும் தொழிலாளர் குடியிருப்பிலும் அது காணப்படுகின்றது. இரவுப்பணி முடித்து நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கும் ஒருவனை அவ்வேளையில் எதிர்கொள்ளும் உயிர் அவனுடைய நாய் ஒன்றே. வீட்டார் உறங்குகின்றனர், அவன் உண்ணும் நேரம் பிறர் உண்ணும் நேரம் அன்று. நாய்க்கோ அவன் வரும் நேரமே பொழுது. நாயும் அதனை வளர்ப்பாரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கும்பொழுது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பற்றினை வளர்க்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் மிகுவதை 2015இல் சப்பானிய ஆய்வாளர் கண்டனர். பிள்ளை என்னும் சொல்லாட்சிக்கு உடலியலும் துணைநிற்கின்றது போலும்.

இவ்வன்பு இல்வாழ்வைக் கட்டவும் செய்கின்றது. பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்ல வேண்டுமாயின், ‘இதற்கு யார் சோறு வைப்பது?’ என்னும் வினா முதலில் எழுகின்றது. ஒருவர் முன்னே சென்று மற்றவர் பின்னே செல்லும் குடும்பங்கள் உள; முதியவர் ஒருவர் நாயை முன்னிட்டு ஊரிலேயே தங்கிவிடுதலும் உண்டு. அங்ஙனம் தங்குதல் அவர்க்குச் சுமையா, தங்குதற்கு ஒரு நல்ல காரணமா என்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். வாடகை வீட்டாருக்கு இடர் இன்னும் மிகுதி. விலங்கு வளர்ப்பார்க்கு அறை தர மறுக்கும் உரிமையாளர் பலர். அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பொது நடைவழியில் குழந்தைகளும் நடமாடுகின்றனர்.

கடியைப் பற்றிய அச்சம் பழையது, காரணமுடையது. வெறிநோய் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாசுத்தர் நிலையம் தென்னாட்டார்க்கு இந்நோய்த் தடுப்பில் நெடுங்காலம் புகலிடமாயிற்று. ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தை வயிற்றில் பல நாள் தொடர்ந்து செலுத்தினர். தொப்புளைச் சுற்றி ஊசி என்று சிறுவரை அச்சுறுத்திய பாட்டிமார் பொய் கூறினாரல்லர். அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004இன் இறுதியோடு நின்றது. இன்று தோளில் சில முறை செலுத்தும் மருந்தே போதும். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் காலங்கடத்துதல் உயிருக்கு இறுதியாகும்.

தெருநாய் பற்றிய வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது யாவரும் அறிந்ததே. கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் என்பது 2001இலும் 2023இலும் வகுத்த விதிகளின் அடிப்படை. அதன் நன்மை தீமைகளை உரைத்தல் ஈண்டு எம் நோக்கம் அன்று. ஒன்று மட்டும் கூறலாம்: தெருநாய் என இன்று நாம் வழங்குவனவற்றுள் பல, பழைய வாயில்நாயின் வழியினவே. திண்ணையை இடித்தபொழுது நாய் இடம்பெயரவில்லை, வீடுதான் பின்வாங்கிற்று. முன்பு ஒரு வீட்டார் தம்முடையது என ஏற்ற உயிர், இன்று நகராட்சியின் கணக்கிலோ ஒருவர் கணக்கிலும் இன்றியோ நிற்கின்றது.

ஒப்பந்தக் காலம் முடிந்து தொழிலாளர் அறையைக் காலிசெய்யும் நாட்களில் இது வெளிப்படக் காணப்படும். பாயும் பெட்டியும் வண்டியில் ஏறும்; அவர்கள் சோறிட்டு மணி என்றோ டைகர் என்றோ அழைத்த நாய் ஏறுவதில்லை. பூட்டிய கதவின்முன் அது சில நாள் படுத்திருக்கும். பூனையாயின் கதவுக்கு வருந்துவதில்லை. அடுத்த அறைக்குப் போய்விடும். பின்னர் அவ்வறைக்கு வேறொருவர் குடிவருவர். வேற்று மொழியினராயின் அந்நாயை வேறொரு பெயரால் அழைப்பர். சில நாட்களில் அது அப்பெயருக்கும் திரும்பிப் பார்க்கும்.